சங்கையாவுக்கு வந்த குளுகுளு டிராக்டர்

நிலம் என்று ஒன்று இருந்தால் அதை மழைக்கு முன்னால் உழுதுவிட வேண்டும். இந்த விஷயத்தில் எங்கள் ஊர் விவசாயச் சம்சாரிகளுக்கும் அரசாங்கத்துக்கும் ஒருநாளும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. யார் உழுவது, எப்போது உழுவது, உழுகிறவருக்கு வியர்க்கலாமா கூடாதா என்பதில்தான் கொஞ்சம் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. பேசித் தீர்ப்பதற்கென்றே எங்களுக்கு ஒரு யூனியன் ஆபீஸ் இருந்தது. எந்த யூனியன் என்று பெயர் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ளவர்கள் சண்டைக்கு வந்தால், பக்கத்து யூனியனைச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில், கடல் கடந்த நாடு ஒன்று நம்முடைய வறுமையைக் கேள்விப்பட்டு மனமிளகி ஒரு டிராக்டரை அன்பளிப்பாக அனுப்பியது. அது முதலில் மதுரைக்குப் போனது. எங்கள் மாவட்டத்தின் பெயர் ராமநாதபுரம், அதன் கலெக்டர் ஆபீஸ் இருந்தது மதுரையில். இதைச் சொன்னதுமே மீதிக் கதை உங்களுக்குப் பாதி புரிந்திருக்கும். அங்கே வெகுநாள் வெயிலில் நின்று, "வறட்சி மிகுந்த பகுதி" என்ற எங்கள் சிறப்புத் தகுதியைப் பரிசீலித்த பிறகு, ஓர் ஆடி மாதத்தில் எங்கள் யூனியன் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது.

முன்னால் நீண்ட மூக்கு, பின்னால் கலப்பை, நடுவில் ஓட்டுகிறவர் உட்காரக் கண்ணாடிக் கூண்டு. கூண்டின் தலையில் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டியில்தான் வெள்ளைக்காரனின் மூளை இருந்தது. உள்ளே மரச்சீவலால் செய்த மெத்தை. அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஓடினால் ஒரு விசிறி சுற்றி, வெளிக்காற்றை அந்த ஈர மெத்தை வழியாகக் கூண்டுக்குள் இழுக்கும். வறண்ட காற்றாக இருந்தால் ஈரத்தைக் குடித்துக் குளிர்ந்து வரும். காற்றே ஈரமாக இருந்தால் மேற்கொண்டு குடிக்க இடமில்லாமல் வந்தபடியே உள்ளே வந்து சேரும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆபீசில் அதற்கு "குளிர்காற்றுச் சாதனம்" என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் குளுகுளுப் பெட்டி என்றோம்.

எங்கள் ஆடிக் காற்று வறண்ட காற்று. ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். இந்தக் காற்றை நம்பித்தான் சிவகாசிக்காரர்கள் வெடியும் மத்தாப்பும் காயவைத்துப் பிழைக்கிறார்கள். ஆகையால் பெட்டி பிரமாதமாக வேலை செய்தது. கூண்டுக் கதவைத் திறந்தால் அருவிக்கரையில் நிற்பதுபோல இருந்தது. இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடப் போனவர்கள்கூட வழியில் யூனியன் ஆபீசில் இறங்கி, கதவருகே முகத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

யூனியன் கமிஷனர் கனகசபாபதி நல்ல மனிதர். கைநீட்ட மாட்டார், கோபப்பட மாட்டார், கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். கொள்ளிடக் கரையில் பிறந்து வாய்க்காலில் குளித்து வளர்ந்தவர். அவரிடம் இருந்த ஒரே குறை, வியர்க்கும். எங்கள் பக்கத்து வெயிலைத் தன்மேல் எழுதப்பட்ட மொட்டைக் கடிதமாகவே அவர் நினைத்தார்.

டிராக்டர் தொடக்க விழாவில் அவர் ஏழைகளை நினைத்து ஓர் அறிவிப்புச் செய்தார். மாடு உள்ளவர்களுக்கு உழ மாடு இருக்கிறது. இல்லாதவர்களுக்குத்தான் டிராக்டர் தேவை. ஆகவே மாடில்லா விவசாயிக்கே முன்னுரிமை என்றார். நியாயமான பேச்சு, நாங்களும் கைதட்டினோம். எங்கள் நெடுங்கரைப்பட்டிச் சங்கையா கைதட்டவில்லை. அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. வீட்டில் நல்ல உழவு மாடாக ஒரு ஜோடி நின்றது. டிராக்டர் முதலில் தன் கரிசலில் இறங்க வேண்டும் என்பதற்காக அந்த ஜோடியை மச்சினன் சோலைச்சாமிக்கு விற்றுவிட்டு, மறுநாள் காலையில் மாடில்லா விவசாயியாக ஆபீஸ் வாசலில் போய் நின்றார்.

வரிசையில் முதல் ஆள் அவர்தான். அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து மனைவி முத்துப்பேச்சியிடம் சொன்னார். முத்துப்பேச்சி சாத்தூர் கம்பெனிக்குத் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக் கொடுப்பவள். கையில் பசையோடு நிமிர்ந்தாள்.

"இருந்த மாட்ட வித்துட்டு, இல்லாதவன்னு பேரு வாங்கிட்டு வந்திருக்கீக. இதுக்கு எம்புட்டுப் படிச்சவக கூடி யோசிச்சீக?"

சங்கையா யாருடனும் யோசிக்கவில்லை. அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்ததால், ஆபீசில் எல்லாரும் ஒரே மாதிரி அபிப்பிராயப்பட்டதாகச் சொல்லிவைத்தார்.

புரட்டாசி பிறந்ததும் உழவு தொடங்கும் என்று ஏற்பாடு. அதுவரை டிராக்டரைப் பார்வையிடுவது கமிஷனரின் கடமை. வெளியே நின்று பார்வையிட்டால் வெளிப்புறம் மட்டும்தானே தெரியும் என்று அவர் உள்ளே ஏறிப் பார்வையிட்டார். பார்வையிடும் நேரத்தை வீணாக்கக் கூடாதென்று கூடவே சில கோப்புகளைக் கொண்டுபோனார். பிறகு மேஜைக்குப் பதிலாக ஒரு பலகை உள்ளே போயிற்று. வாரம் திரும்புவதற்குள் யூனியன் ஆபீஸ் முழுவதுமே அந்தக் கூண்டிலிருந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. இன்ஜின் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. மனுக் கொடுக்க வந்தவர்கள் கீழே நின்று சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அவர் கண்ணாடிக்குள்ளிருந்து சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை. மக்கள் குறைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்று அந்த மாதத்து அறிக்கை மதுரைக்குப் போனது.

டிராக்டரின் டிரைவர் சுந்தரபாண்டிக்கு உட்கார இடமில்லை. கூண்டில் ஓர் ஆசனம்தான். அவர் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே தன் உத்தியோகத்தைப் பார்த்துவந்தார்.

சொன்ன நாள் வந்தது. சங்கையா புஞ்சையின் பொழி வரப்பில் தேங்காயும் மாலையுமாகக் காத்திருந்தார். ஊரே கூடியிருந்தது. சுந்தரபாண்டி ஓட்ட, கமிஷனர் அவருக்குப் பக்கத்தில் பலகையை ஒடுக்கிப் போட்டு உட்கார்ந்து வர, டிராக்டர் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து பொழிமேட்டில் நின்றது. முந்தின நாள் ராத்திரியிலிருந்தே மேல்காற்று விழுந்துபோயிருந்தது. கீழ்த்திசையில் வானம் லேசாகக் கறுத்திருந்தது. எங்களுக்கெல்லாம் மனசுக்குள் சந்தோஷம், சரியான சமயத்தில் உழவு நடக்கப்போகிறதென்று.

கமிஷனர் பெட்டிக்குக் கீழே கையை நீட்டினார். அவர் முகம் சுருங்கியது. மறுபடி நீட்டிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"குளிர்ச்சி குறைஞ்சிருக்கு. சாதனத்தில் பழுது. வண்டியைத் திருப்புப்பா" என்றார்.

சங்கையா கையில் மாலையோடு அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"கலப்பை நல்லாத்தானே இருக்கு சாமி. பெட்டி குளுந்தா என்ன, குளுராட்டா என்ன? இந்தா கெடக்கு புஞ்சை. வந்தது வந்துட்டீக, எறங்கிட்டுப் போங்க."

"சங்கையா, கலப்பை தனி, பெட்டி தனி என்று நினைக்காதே. ஒரே யூனிட்டாகத் தந்திருக்கிறார்கள். முழுமையாக இயங்கும் நிலையில்தான் உபயோகிக்கணும்னு நிபந்தனை. பெட்டி வேலை செய்யாம உழுதா அது உழுததாகாது."

"உழுதா தெரியும்லா சாமி. மண்ணு பொரண்டு கெடக்குமே."

"மண்ணு புரளும். கணக்கில் புரளாது" என்றார் கமிஷனர் அன்பாகவே.

டிராக்டர் திரும்பிப் போனது. சங்கையா மாலையைப் போட ஆளில்லாமல் அதைப் பொழியில் இருந்த கள்ளிமேல் போட்டார். எங்களுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வந்த தேங்காயை வீணாக்காமல் உடைத்துத் தின்றுவிட்டுத்தான் வீடு திரும்பினோம்.

பழுது நீக்கும் பணி மிகுந்த முனைப்புடன் தொடங்கியது. குளிர்ச்சி எங்கேயோ கசிகிறது என்பது ஆபீசின் முதல் முடிவு. கூண்டில் எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் காகிதம் ஒட்டி அடைக்கச் சொன்னார் கமிஷனர். சிவகாசி அச்சாபீஸ் ஒன்றிலிருந்து அச்சுப் பிசகிய வெடி லேபிள்கள் ஒரு கட்டு வந்தன. கிளி, ரோஜாப்பூ, துதிக்கையைத் தூக்கிய யானை எல்லாம் கூண்டைச் சுற்றி நெருக்கமாக ஏறின. பழைய காற்று வெளியே போக வழியில்லாததால் புதுக் காற்று உள்ளே வரவும் மறுத்துவிட்டது. உள்ளே இருந்த வெக்கை இரட்டிப்பானது. தூரத்திலிருந்து பார்க்க டிராக்டர் ஒரு பெரிய வெடிப்பெட்டி மாதிரி இருந்தது. பீடி குடிக்கிறவர்கள் ஒதுங்கி நடந்தார்கள்.

எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால்தானே எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தெரியும்? அளக்கும் கருவிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டார்கள். அங்கிருந்து காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்று வந்தது. கமிஷனர் அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கூண்டுக்கு வெளியே நின்றார். தொண்ணூற்றெட்டரைக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். அதே அளவைக் காட்டியது. சாதனம் ஒரு புள்ளிகூடக் குளிர்விக்கவில்லை என்று அறிவியல் பூர்வமாக நிரூபணமாகிவிட்டது. நிழலில் வைத்தார்கள், அதே அளவு. நிர்வாகத்தின் உடல்நிலை சீராக இருக்கிறது என்பதில் மட்டும் எல்லாருக்கும் திருப்தி.

அடுத்தபடியாகச் சாத்தூர் இரும்புக்கடை செய்யது அபுதாஹிரை வரவழைத்தார்கள். பம்புசெட்டு உதிரிச் சாமான் விற்கிறவர். பெட்டியைக் கழற்றி, தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, விசிறியைச் சுற்றிவிட்டு, மறுபடி மாட்டினார்.

"ஒரு கொறையும் இல்லையே கமிஷனரய்யா. கெடாத சாமானுக்கு நான் என்னத்த விக்க?" என்றார்.

பொருள் எதுவும் வாங்காமல் செய்யப்படும் பழுது நீக்கம், பழுது நீக்கம் ஆகாது என்று கமிஷனர் விதியை எடுத்துச் சொன்னார். எதையாவது விற்கும்படி அபுதாஹிரைக் கேட்டுக்கொண்டார். அவர் வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, பெரிய பெரிய ஆபீசிலெல்லாம் வெட்டிவேர்த் தட்டிதான் கட்டுகிறார்கள், அதுதான் இப்போது நாகரிகம் என்றார். நாகரிகம் என்ற சொல் ஆபீசில் நன்றாக எடுபட்டது. மரச்சீவல் மெத்தையை எடுத்துவிட்டு வெட்டிவேர் வைத்தார்கள். குளிர்ச்சி வரவில்லை, வாசம் வந்தது. அதிலிருந்து கமிஷனருக்கு வாசனையோடு வியர்த்தது.

இதற்குள் வானம் நாளுக்கு நாள் இறங்கி வந்துகொண்டிருந்தது. முத்துப்பேச்சி ஒட்டிய தீப்பெட்டிக் கூடுகள் முற்றத்தில் காயாமல் நசநசவென்று கிடந்தன. காற்றில் ஈரம் ஏறிவிட்டது, பசை இழுக்க மாட்டேனென்கிறது என்று அவள் புலம்பினாள். தெருவில் கூடு ஒட்டிய எல்லாப் பெண்களும் அதையேதான் புலம்பினார்கள். காற்றில் ஈரம் ஏறினால் பசை காயாது என்பது எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். பெட்டி ஏன் குளிரவில்லை என்பதுதான் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேச்சும் ஒரே தெருவில், ஒரே நேரத்தில், அடுத்தடுத்த வீட்டில் நடந்துகொண்டிருந்தன.

சோலைச்சாமிக்குத் தன் அக்காள் வீட்டுக்காரரைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு சாயங்காலம் மாட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"மச்சான், எம் புஞ்சை முடிஞ்சுபோச்சு. நாளைக்கு விடிய இதுகளப் பூட்டி ஒரு சால் போட்டுருங்க. நீங்க வளத்ததுதானே, சொன்னபடி கேக்கும்."

சங்கையா மாட்டின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் பூட்டியும் இருப்பார். அதற்குள் சேதி கேட்டு யூனியனிலிருந்து கிராம சேவக் சைக்கிளில் வந்துவிட்டார். இரவல் மாடும் மாடுதான் என்றார் அவர். மாட்டைக் கொண்டு உழுதால் மாடுள்ளவர் என்று ஆகிவிடும், முதல் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும், யோசித்துக்கொள்ளுங்கள் என்று நல்ல எண்ணத்தில் எச்சரித்துவிட்டுப் போனார். சங்கையா யோசித்தார். இருக்கிற மாட்டையே விற்று வாங்கிய முறை அது. அதை இரவல் மாட்டுக்காக விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. மாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று ராத்திரி மழை பிடித்தது. விட்டு விட்டு, நல்ல மழை. கரிசல் குழைந்து, கால் வைத்தால் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டது. சோலைச்சாமி புஞ்சையில் கம்பும் பருத்தியும் முளைத்தன. சங்கையா புஞ்சையில் கோரை முளைத்தது. அந்த வருஷம் முழுக்க அந்த வீடு முத்துப்பேச்சி ஒட்டிய கூடுகளில்தான் கஞ்சி குடித்தது.  

மார்கழிப் பனி முடிந்து தை மாதம் காற்று வறண்டது. ஒரு காலையில் கமிஷனர் வழக்கம்போலக் கூண்டில் ஏறினார். சிலிர்த்துவிட்டது. ஒட்டிய காகிதங்களும் வெயிலில் காய்ந்து ஓரம் கிழிந்து காற்றுப்போகச் சந்துவிட்டிருந்தன. ஆபீசில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். யூனியன் நிர்வாகத்தின் இடைவிடாத முயற்சியால் பழுது நீங்கியது என்று மதுரைக்குத் தெரிவித்தார்கள். மதுரையிலிருந்து பாராட்டு வந்தது.

சங்கையா ஓடினார். இப்போது உழுதுபோட்டால் கோடை மழையாவது உள்ளே இறங்குமே என்று கேட்டார். இது மழைக்கு முந்திய உழவுக்கான திட்டம், மழைக்குப் பிந்திய உழவுக்கு இதில் இடமில்லை என்று விளக்கி, அடுத்த புரட்டாசிக்கும் அவர்தான் முதல் ஆள் என்று உறுதி கொடுத்து அனுப்பினார் கமிஷனர்.

ஆனால் கமிஷனர் சும்மா இருக்கிறவரில்லை. யோசிக்கிறவர். நடந்ததையெல்லாம் கோவையாக எண்ணிப் பார்த்தார். பெட்டி குளிர்ந்தபோதெல்லாம் மழை இல்லை. பெட்டி குளிராதபோது மழை வந்தது. மழை நின்றதும் பெட்டி குளிர்ந்தது. இதிலிருந்து ஒரு மாபெரும் உண்மை வெளிப்பட்டது: பெட்டி குளிர்ந்தால் மழை நின்றுவிடுகிறது. வெள்ளைக்காரன் நமக்குத் தெரியாமல் மழையைத் தடுக்கும் எந்திரத்தை டிராக்டரின் தலையில் வைத்து அனுப்பியிருக்கிறான்.

இந்தச் சேதி சிவகாசிக்குப் போக எத்தனை நேரமாகும்? வெடிக் கம்பெனி முதலாளிகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். தீபாவளி சீசனில் ஒரு மழை பெய்தால் காயப்போட்ட சரக்கெல்லாம் பாழ், ஆர்டர் போச்சு, ஆகவே லோடு கிளம்பும்வரை பெட்டி இடைவிடாமல் குளிர வேண்டும், டீசலுக்கு நாங்கள் பொறுப்பு என்றார்கள். கமிஷனருக்கு இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. பொதுநலன் கருதி, ஆடி முதல் நாள் முழுவதும் கூண்டிலேயே இருக்கத் தாம் தயார் என்றார்.

ஆடி போனது, ஆவணி போனது, பெட்டி குளிர்ந்தது, மழை இல்லை. சில வருஷம் அப்படித்தான் தள்ளிப்போகும். புரட்டாசியும் பாதி ஓடிவிட்டது, ஒரு மேகம் எட்டிப்பார்க்கவில்லை. நாங்கள் எல்லாரும் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்துப் பல்லைக் கடித்தோம். சரஸ்வதி பூஜைக்குள் வெடி லோடுகள் கிளம்பிவிட்டன. கடைசி லோடு போன அன்றே ஊர் கூடி யூனியன் ஆபீசுக்குப் போனோம். முன்னால் சங்கையா.

கமிஷனர் எங்களைப் பார்த்து மலர்ந்தார். கூண்டிலிருந்து இறங்கியே வந்தார்.

"சங்கையா, உன் நேரம் வந்துவிட்டது. சாதனம் முழுமையாக இயங்கும் நிலையில் இருக்கு. டீசல் இருக்கு. கலப்பை இருக்கு. முதல் முறை உன்னுது. நாளைக் காலையில் உழுதுடலாமா?"

ஒரு வருஷமாகச் சங்கையா கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

"உழும்போது பெட்டி ஓடுமா சாமி?"

"ஓடாமல் எப்படி? ஓடினால்தானே உழவு செல்லும்."

"அப்ப வேண்டாம் சாமி. உழுதா மழை போயிரும்" என்றார் சங்கையா.

நாங்கள் எல்லாரும் ஆமாம் என்றோம். மனப்பூர்வமாகத்தான் சொன்னோம்.

மழை பொய்த்தால் எங்கள் பக்கம் கொடும்பாவி இழுப்பது வழக்கம். வைக்கோலால் ஒரு பெரும்பாவியின் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தால், அந்தப் பாவம் ஊரைவிட்டுத் தொலைந்து மழை வரும். மழையைத் தடுக்கும் பெட்டியே கண்முன்னால் இருக்கும்போது வைக்கோலுக்கு எதற்குப் போக வேண்டும்? டிராக்டரையே இழுப்பது என்று முடிவாயிற்று. இன்ஜின் ஓடக் கூடாது, ஓடினால் பெட்டியும் ஓடும். ஆகவே வடம் பிடித்துக் கையால்தான் இழுக்க வேண்டும். கமிஷனர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அரசாங்க உடைமை தனியாகப் போக முடியாது, பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் கூண்டில் இருக்க வேண்டும் என்றார். கிழிந்த இடத்திலெல்லாம் புது லேபிள் ஒட்டச் சொல்லி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

மாடில்லா விவசாயிக்கே முன்னுரிமை என்பதால் வடத்தின் முன்நுனியைச் சங்கையாவிடம் கொடுத்தார்கள். நாங்கள் பின்னால் பிடித்தோம். கிளியும் ரோஜாவும் யானையும் ஒட்டிய கூண்டு நெடுங்கரைப்பட்டித் தெருவில் அசைந்து வந்தது. பெண்கள் தலைவிரித்து மாரடித்து முன்னால் நடந்தார்கள். முத்துப்பேச்சிதான் எடுத்துக் கொடுத்தாள்:

"கண்ணாடிக் கூட்டுக்குள்ள கண்ணசந்து போனவரே,
கரிசலெல்லாம் வெடிச்சிருக்கே, கண்தொறந்து பாக்கலியே..."

கமிஷனர் கண்ணாடிக்குள்ளிருந்து இரு பக்கமும் கைகூப்பிக்கொண்டு வந்தார். பொதுமக்கள் இவ்வளவு உணர்ச்சிவசப்பட்டு அவருக்கு வரவேற்புக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. வியர்வையாகவும் இருக்கலாம், உள்ளே காற்றில்லை.

பாதித் தெரு வந்ததும் வண்டி கனத்தது. இழுக்க இழுக்கக் கனம் கூடியது. எத்தனை பேர் பாவமோ என்று பேசிக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தோம். கூடவே நடந்த சுந்தரபாண்டி, இன்ஜின் ஓடினால்தான் கலப்பை தூக்கி நிற்கும், ஓடாததால் மெல்ல மெல்ல இறங்கி மண்ணில் பதிந்துவிட்டது என்றார். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். தெரு நடுவே ஆழமாக, நேராக, அழகான சால் விழுந்திருந்தது. அந்த டிராக்டர் வந்த நாள் முதலாக உழுத முதல் உழவு அது. பாதியில் நிறுத்தினால் சாங்கியம் கெட்டுவிடும் என்று ஊர் எல்லைவரை உழுதுகொண்டே போனோம். எல்லையில் சங்கையாவின் புஞ்சைப் பொழி வந்ததும், சடங்கு முடிந்ததென்று வடத்தைப் போட்டுவிட்டோம்.

சோலைச்சாமி தொழுவில் சங்கையாவின் பழைய மாடுகள் இரண்டும் அசைபோட்டபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன.

சாயங்காலம் மழை கொட்டியது. ஐப்பசி பிறக்கிற நேரம், அதற்கு வர வேண்டிய காலம்தான். ஆனால் அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உதைத்திருப்போம். தெருச் சாலில் தண்ணீர் நிறைந்து வாய்க்கால் மாதிரி ஓடியது. முத்துப்பேச்சி காயப்போட்டிருந்த தீப்பெட்டிக் கூடுகள் அதில் வரிசையாக மிதந்து போயின. சங்கையா தோளில் வடம் அறுத்த காயத்தோடு வாசலில் நின்று மழையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா பேச்சி? எப்படிப் பெய்யுது பாத்தியா?"

"பெய்யுது" என்றாள் முத்துப்பேச்சி. "மாட்ட வித்தீக, மாடா நின்னீக. தெருவுக்கு வெதை எதுவும் வச்சிருக்கீகளா?"

அவர் சிரிப்பு நின்றது. உழாத புஞ்சையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். மழையில் ஒன்றும் தெரியவில்லை.

திட்டம் மாபெரும் வெற்றி என்று மதுரைக்கு அறிக்கை போனது. வருஷந்தோறும் புரட்டாசிக் கடைசியில் டிராக்டர் இழுப்பு அரசு ஆதரவோடு நடைபெறும் என்று உத்தரவு வந்திருக்கிறது. சிவகாசிக்காரர்களுக்கு ஆடியிலிருந்து, எங்களுக்குப் புரட்டாசியிலிருந்து என்று பெட்டியைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இரு தரப்புக்கும் திருப்தி. டிராக்டர் உழுமா என்று இரு தரப்பிலும் யாரும் கேட்கவில்லை.

வடத்தின் முன்நுனி மாடில்லா விவசாயிக்குத்தான். அது இப்போது எங்கள் ஊரில் பெரிய கௌரவம். கமிஷனர் கையால் துண்டு போர்த்துகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். போன வாரம் சோலைச்சாமியும் அந்த ஜோடியைச் சந்தையில் விற்றுவிட்டு வந்துவிட்டார். என் தொழுவிலும் இரண்டு நிற்கின்றன. நல்ல விலைக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.